முன்கண்ணாடியில் தெரிவது உங்கள் டாஷ்போட்தான்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்று வாங்கி 5 மாதமாகிறது. உள்ளே சீட், டாஷ்போட் எல்லாம் வெளிர் பழுப்பு. பார்க்க அழகுதான். ஆனால் பகல் 1.30க்கு பம்பலப்பிட்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு காலி வீதியில் தெற்கே வீட்டுக்குத் திரும்பும்போது, முன்கண்ணாடிக்கு வெள்ளைத் துணி கட்டியது மாதிரி இருக்கிறது. டின்ட் ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். டாஷ்போட்டுக்கு நல்ல பொலிஷ் போட்டால் சரி என்கிறார் என் கணவர். எதைச் செய்வது?"

இரண்டுமே வேண்டாம். அதிலும் பொலிஷ் கூடவே கூடாது. கணவர் கோபிக்க வேண்டாம், நானும் ஒருகாலத்தில் அதையே செய்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவன்தான்.

நடப்பது இதுதான். வெயில் முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து டாஷ்போட்டின் மேற்பரப்பில் விழுகிறது. வெளிர் நிறம் அந்த ஒளியில் ஏறக்குறைய பாதியை மேலே திருப்பி அனுப்புகிறது. இப்போதைய கார்களில் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால், அந்த ஒளி அதில் பட்டுத் தெறித்து நேரே உங்கள் கண்ணுக்கு வருகிறது. நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் 4 வீதம்தான் தெறிக்கும். 60 பாகை சாய்வில் பார்த்தால் அது இரு மடங்குக்கு மேல் போய்விடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 16 வீதம். பாதியில் 16 வீதம் என்றால் 8. தார் வீதியோ தன்மேல் விழும் வெயிலில் 10 வீதம் அளவைத்தான் திருப்பித் தரும். அதாவது வீதிக்கும் டாஷ்போட்டின் பிம்பத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தால் அந்தத் திரைக்குள் மறைந்துபோவார்.

டின்ட் ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. டின்ட் உள்ளே வரும் வெயிலைக் குறைக்கும், அதனால் திரை மங்கும், உண்மைதான். ஆனால் வெளியே தெரியும் வீதியும் அதே அளவு மங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் உங்களுக்கு என்ன லாபம்? இரவு மழையில் ஓட்டும்போதுதான் அதன் நஷ்டம் தெரியும்.

செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயிலில் காரை நிறுத்திவிட்டு, டாஷ்போட்டின் இடது பாதியில் மட்டும் பளபளப்பில்லாத கறுப்புத் துணி ஒன்றை விரியுங்கள். ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் கண்ணாடியின் இடது பாதி கழுவிவிட்டது போலத் தெளியும். தெளிந்தால் குற்றவாளி டாஷ்போட். தெளியாவிட்டால் கண்ணாடியில்தான் ஏதோ இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துணி வேலை செய்தால் அதையே நிரந்தரமாக்க வேண்டியதுதான். டாஷ்போட்டின் மேற்பரப்பு மட்டும் கறுத்தால் போதும், சீட்டையும் கதவையும் தொட வேண்டாம். வெளிர் நிற உள்ளலங்காரம் உள்ள பல கார்களில் டாஷ்போட்டின் மேற்பகுதியை மட்டும் கறுப்பாகவோ கடும் சாம்பலாகவோ விட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான். உங்கள் மொடலுக்கென்று அளவாக வெட்டிய விரிப்பு கிடைக்குமா என்று, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் புறக்கோட்டையில் கறுப்பு வெல்வெட் வாங்கி, குஷன் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். வெல்வெட்டின் மயிர்களுக்குள் ஒளி போனால் சுலபத்தில் திரும்பி வராது. ரெக்சின் வேண்டவே வேண்டாம், கறுப்பாக இருந்தாலும் மினுங்கும்.

வெட்டும்போது மூன்று இடங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். இடப்பக்கப் பயணிக்கான எயார்பேக் மூடி முதலாவது. விபத்தில் அது கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும், மேலே துணியை ஒட்டிவைத்தால் தடைப்படலாம். அடுத்தது கண்ணாடி ஓரமாக ஏசிக் காற்று வரும் வாய்கள், மழை நாளில் உள்ளே படியும் ஈரத்தை விரட்டுவது அந்தக் காற்றுத்தான். சில கார்களில் சிறு கறுப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். அது வெயிலை உணர்ந்து ஏசியைச் சரிசெய்யும் சென்சார். மூடினால் ஏசி குழம்பும். இரட்டைப் பக்க டேப்பால் ஒட்ட வேண்டாம், கொழும்பு வெயிலில் பசை உருகி வழியும். ஓரங்களில் வெல்குரோ போதும். கறுப்புத் துணி சூடாகும் என்பதை மறைக்கவில்லை, காரை நிறுத்தும்போது சில்வர் ஷேட்டை விரித்துவிடுங்கள்.

பொலிஷுக்கு வருவோம். சிலிக்கோன் கலந்த பொலிஷ் பிளாஸ்டிக்கைக் கண்ணாடி மாதிரி ஆக்கும். மங்கலான திரைக்குப் பதில், சூரியனே ஒரு வெள்ளைக் கோடாக முன்னால் நிற்கும். ஏற்கெனவே பூசியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். டாஷ்போட்டில் டிஷூ பெட்டி, பார்க்கிங் துண்டு ஏதாவது கிடந்தால் அவையும் இறங்கட்டும். பிள்ளையாரை எடுக்கச் சொல்லமாட்டேன், ஆனால் வெள்ளைப் பளிங்குப் பிள்ளையார் என்றால் கொஞ்சம் கீழே வைக்கலாம், அவரும் கண்ணாடியில் தெரிவார்.

கண்ணாடியின் உட்புறத்தையும் பாருங்கள். வெயிலில் சூடாகும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி அதில் எண்ணெய்ப் படலமாகப் படியும். விரலால் கோடிழுத்தால் தெரியும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள்.

துணி தைத்து வரும்வரை போலரைஸ்ட் சன்கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் தெறிக்கும் ஒளியின் பெரும்பகுதியை அது வெட்டிவிடும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அதைச் செய்யாது.

இன்னொன்று. இது மார்கழி, தை மாதங்களில் கூடுதலாகத் தெரியும். அப்போது கொழும்பில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 60 பாகை உயரத்தில்தான் நிற்கும், நீங்களோ தெற்கு நோக்கி வருகிறீர்கள். ஜூனில் அது வடக்கே, உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும், கூரை கொஞ்சம் நிழல் தரும். ஆகவே ஜூனில் "தானாகச் சரியாகிவிட்டது" என்று துணி வேலையை விட்டுவிடாதீர்கள். இரவில் எதிர்வரும் லைட்டுகள் நட்சத்திரமாகச் சிதறித் தெரிந்தால் அது டாஷ்போட் வேலையல்ல. கண்ணாடி சுத்தமாக இருந்தும் அப்படித் தெரிகிறது, வயதும் 45ஐத் தாண்டியிருக்கிறது என்றால், கராஜுக்குப் போகுமுன் கண் வைத்தியரிடம் போங்கள்.