வயலுக்குள் கட்டிய கயிறு எதற்கு?

கேள்வி: அறுப்புக்கு முன்னால் அதிகாரிகள் எங்கள் நெல் வயலில் கயிறு கட்டி, ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து எடை பார்த்தார்கள். நன்றாக விளைந்த இடத்தை விட்டுவிட்டு, சுமாரான இடத்தை எடுத்தது ஏன்? இதனால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகி, கெங்கவல்லி

பதில்: அம்மா, அதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். புள்ளியியல் துறையில் இருந்தபோது ஆத்தூர், தலைவாசல் பக்கம் அந்தக் கயிற்றைப் பிடித்தவன் நான். எந்த சர்வே எண், வயல் மூலையிலிருந்து எத்தனை எட்டு நடப்பது என்பதை, சீட்டுக் குலுக்கியது போல எடுத்த எண் பட்டியல்தான் தீர்மானிக்கும். வந்தவருக்கு அதில் விருப்பு வெறுப்பு கிடையாது. விளைந்த இடமாகத் தேடி அறுத்தால், காய்ந்த ஊரும் காகிதத்தில் செழிப்பாகிவிடும்.

சதுரம் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அடித்துத் தூற்றிய நெல் 12 கிலோ இருந்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. தராசில் ஒரு கிலோ தப்பினால் கணக்கில் 400 கிலோ தப்பும். அதனால்தான் கயிற்றை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு குத்தையும் குனிந்து பார்ப்போம். வேர் உள்ளே இருந்தால்தான் சேர்த்தி. 1940களில் இதற்காகவே பெரிய வாதம் நடந்தது. சின்னச் சதுரங்கள் போதும், நிறைய எடுக்கலாம் என்றார் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ். சதுரம் சிறுத்தால் ஓரப்பயிர் உள்ளே வந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று மறுத்தார் இன்னொரு புள்ளியியல் அறிஞர் சுகாத்மே. என் அனுபவத்தில் சுகாத்மே சொன்னதே சரி.

இனி பயன். வறட்சியில் பயிர்க் காப்பீடு உங்கள் ஒரு வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. உங்கள் பகுதியில் இப்படி எடுத்த சதுரங்களின் சராசரி, வழக்கமான விளைச்சலிலிருந்து கணக்கிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. ஆகவே அடுத்த முறை வந்தால் தராசுப் பக்கத்திலேயே நில்லுங்கள். எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே திட்டம் போடுகிறார்களே, சரியா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: சரியில்லை. 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனதால் வந்த வினை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அரிசி ஒதுக்குவது கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும்தான். அதுவும் 2011 தலைக்கணக்குப்படி. அப்புறம் பெருகிய ஜனம் அதில் இல்லை. தமிழ்நாட்டில் அந்த வித்தியாசத்தை மாநில அரசு தன் பணத்தில் தாங்குகிறது.

அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். காப்பி எஸ்டேட் லயன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: கேட்டில் நின்று யாராவது ஒருவர் மொத்தமாகத் தலை எண்ணிக்கை சொல்லி அனுப்பக் கூடாது, வீடு வீடாகப் பதிய வேண்டும். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொன்னதை வெளியே விட முடியாது, பயம் வேண்டாம். காப்பிப் பழம் பறிக்கப் போகிற நாளாக இருந்தால், கணக்கெடுப்பவரைச் சாயங்காலம் வரச் சொல்லுங்கள்.