வளையலை அடகு வைக்கும் முன்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு, கோவையில் ஒரு பிலாட்டீஸ் உடற்பயிற்சி ஸ்டுடியோவில் இரண்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன். மேட் பயிற்சிக்கு மட்டும் சான்றிதழ் இருக்கிறது. மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்துப் பழகி, இப்போது எட்டுப் பேருக்கு ரிஃபார்மர் என்கிற ஸ்பிரிங் கருவியில் வகுப்பும் எடுக்கிறேன். வாரா வாரம் புதுசாக ஏதாவது வேண்டும் என்கிறார் உரிமையாளர். போன மாதம் 58 வயது அம்மா ஒருவர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு வந்து, "டிஸ்க் விலகியிருக்குன்னு சொல்றாங்க. உங்ககிட்ட வந்தா சரியாயிடுமா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு நான் லாயக்கா என்றே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாக் கருவிகளும் அடங்கிய முழுப் படிப்புக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. அம்மா போட்ட வளையலை அடகு வைத்துச் சேரட்டுமா? இன்னொன்று: தமிழில் வகுப்பு எடுத்தால் மட்டமாக நினைப்பார்களா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: வளையல் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். நாக்கு ஒட்டிக்கொண்டதற்கும் வருந்த வேண்டாம். "கண்டிப்பா சரியாயிடும்மா" என்று நீங்கள் சட்டென்று சொல்லியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். அப்படிச் சொல்கிற ஆட்கள் நம் தொழிலில் நிறைய.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களைத் திட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். ரிஃபார்மரைப் பார்த்துப் பழகி எடுக்கிறேன் என்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். மேட்டில் தப்பு நடந்தால் தரை எங்கும் ஓடிவிடாது. ரிஃபார்மரில் ஆளைத் தாங்கும் தட்டே சக்கரத்தில் ஓடுகிறது. அதை இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங் மட்டும்தான். படுத்தபடி காலால் தள்ளும்போது ஸ்பிரிங்கைக் கூட்டினால் கஷ்டம், குறைத்தால் சுலபம். கைகளைக் கருவியின் முனையில் உள்ள கம்பியில் ஊன்றி, கால்களைத் தட்டில் வைத்து, உடம்பைப் பலகை மாதிரி நீட்டிப் போகும்போது இந்தக் கணக்கு தலைகீழ். ஸ்பிரிங் குறையக் குறையத் தட்டு நழுவி ஓடப் பார்க்கும், அதை வயிறுதான் பிடித்து நிறுத்த வேண்டும். "புதுசா வந்திருக்காங்க, லேசா போட்டுவிடுவோம்" என்று இரக்கப்பட்டு ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினால் அவர் குப்புற விழலாம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இதை அனுபவத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

பெயர் பெற்ற பள்ளிகள் பலவும் மேட், ரிஃபார்மர், பிறகு காடிலாக், சேர், பேரல் என்ற மற்றக் கருவிகள் என்று பாடத்தைப் பகுதி பகுதியாகவும் நடத்துகின்றன. ரிஃபார்மர் பகுதியை மட்டும் முதலில் முடியுங்கள். அதுவரை மேட் வகுப்பு மட்டும் எடுக்கிறேன் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சரி, முழுப் படிப்புக்கு வருவோம். இந்த முறையை உண்டாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்து, 1926இல் நியூயார்க் போய், எட்டாவது அவென்யூவில் ஸ்டுடியோ வைத்தவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி. அவர் 1967இல் இறந்த பிறகு, 'பிலாட்டீஸ்' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. யோகா, கராத்தே போல அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர்தான், தனியாக யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 2000 அக்டோபரில் மன்ஹாட்டன் நீதிமன்றம் முடித்து வைத்தது. நீங்களும் நானும் போர்டில் அந்தப் பெயரை எழுத முடிவது அதனால்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்காரவைத்து அதே பெயரில் சான்றிதழ் தருபவர்கள் பிழைப்பதும் அதனால்தான். ஆகவே காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதன் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசியச் சான்றிதழ் தேர்வை எழுதவே 450 மணி நேர முழுப் பயிற்சி கேட்கிறார்கள்.

சேருவதற்கு முன் பள்ளியில் விசாரிக்க வேண்டியது: நான் பாடம் எடுப்பதை ஆசிரியர் நேரில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் பார்ப்பார்? தேர்வில் யாராவது தோற்றிருக்கிறார்களா? படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிடுவது? முதல் கேள்விக்கு மழுப்பினால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டும்தான், ஆனால் ஒரு வருடம் தள்ளி. காரணம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஸ்டுடியோ இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், ரிப்போர்ட் இருக்கிறது. ஒரு கிளையன்டின் உடம்பு எப்படி அசைந்தது என்று ஒரு வரி இல்லை. அந்த 58 வயது அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றினாரா? செருப்பைக் குனிந்து கழற்றினாரா, காலாலேயே உதறினாரா? வாசலிலிருந்து மேட் வரை நடந்து வருவதற்குள் பாதிச் செய்தி வந்துவிடுகிறது. பார்க்கிற கண் இல்லாமல் முழுப் படிப்புக்குப் போனால் நூறு பயிற்சிகளின் பெயரோடு திரும்பி வருவீர்கள்.

கண்ணைப் பழக்க ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஷோல்டர் பிரிட்ஜைச் சொல்வேன்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்குவது. ஒரு மாதம், எல்லா வகுப்பிலும், எல்லாரிடமும் அதைப் பாருங்கள். முதல் வாரம் பாதத்தை மட்டும். யாருக்குக் குதிகால் தூக்குகிறது, யாருக்குப் பாரம் வெளிப்பக்கம் சரிகிறது? அடுத்த வாரம் முழங்கால். மூன்றாம் வாரம் விலா. இடுப்பு மேலே போகும்போது விலாவும் கூடவே துருத்திக்கொண்டு வந்தால் அவர் இடுப்பைத் தூக்கவில்லை, கீழ்முதுகை வளைக்கிறார். "மேடம், பின்னந்தொடை பிடிச்சுக்குச்சு" என்று ஒருவர் கத்துவார். பெரும்பாலும் அவர் பாதம் இடுப்பிலிருந்து தள்ளிப் போயிருக்கும், பாரம் பின்னந்தொடைக்கு இறங்கியிருக்கும். பாதத்தைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்தால் வேலை பிட்டத்துக்குப் போய்விடும். இதை இப்போது படித்துத் தெரிந்துகொண்டீர்கள். இருபது பேரிடம் பார்த்த பிறகு, அவர் கத்துவதற்கு முன்பே உங்கள் கை அந்தப் பாதத்தை நோக்கிப் போகும். தொடுவதற்கு முன் "தொடலாங்களா?" என்று ஒரு வார்த்தை, ஒவ்வொரு முறையும். போன வாரம் சரி என்றவர் இந்த வாரமும் சரி என்பார் என்று நினைக்க வேண்டாம்.

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். வங்கியில் இருந்தவர், கணக்கு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்ப்பதில் கேட்பதும் அடக்கம். இதை நான் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும். என் முதல் வருடத்தில் அறுபது தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்று கேட்டேன். "வாரத்துக்கு ஒண்ணுதான், காலையில வெறும் வயித்துல. போட்டா அரை மணி நேரம் படுக்கக் கூடாதாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு, அவரை ரோல் அப் செய்ய வைத்தேன், மல்லாந்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டிக்கொண்டு எழும்பி முன்னால் குனிவது. மூன்று மாதம் செய்தார். அப்புறம் ஒருநாள் ஒரு பிசியோவோடு டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது எலும்புப்புரைக்குக் கொடுக்கிற மாத்திரை.

எலும்புப்புரை உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் செய்த பழைய ஆய்வு ஒன்று 1984இல் வெளியானது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிதாக நசுங்கல் முறிவுகள். பின்னால் நிமிரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதம். மொத்தமே 59 பேர் கொண்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் அன்றிலிருந்து இன்று வரை இந்த விஷயத்தில் எல்லாரும் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் எழுதிய புத்தகத்தில் உள்ள 34 மேட் பயிற்சிகளில் முதுகைச் சுருட்டுவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், தூக்கிவாரிப் போடும். என் கிளையன்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை. இப்போது என் படிவத்தில் தனியாக ஒரு வரி உண்டு: வாராந்திர மாத்திரை, எலும்புக்கு ஊசி, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு.

அந்த டிஸ்க் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "டிஸ்க்கைப் பத்தி சொல்ல வேண்டியது டாக்டரும் பிசியோவும்ங்க. எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாதுன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள நின்னு நாம வேலை செய்யலாம்." இதைச் சொன்னால் மரியாதை குறையாது, கூடத்தான் செய்யும். பிசியோதெரபி 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறைப்படுத்தப்பட்ட தொழில், நம்முடையது அப்படி இல்லை. குணப்படுத்துகிறேன் என்று நாம் பேசுவது அடுத்தவர் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பது மாதிரி. ஊரில் நல்ல பிசியோ ஒருவரைத் தேடிப்பிடித்து, மாதம் ஒருமுறை அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் இன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: முதுகுவலிக்காரர் யாராவது உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போகிறது, சிறுநீர் போகவில்லை அல்லது அடக்க முடியவில்லை, காலில் பலம் இல்லை என்று சொன்னால் அன்று வகுப்பு கிடையாது. நேராக ஆஸ்பத்திரி.

உரிமையாளர் கேட்கும் 'புதுசு' பற்றி. வாரா வாரம் எல்லாவற்றையும் மாற்றினால் யார் தேறினார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எட்டுப் பயிற்சியில் ஆறு பழசாகவே இருக்கட்டும், இரண்டை மாற்றுங்கள். ஜோசப்பிடம் நேரடியாகக் கற்ற ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக்காரர் பெரிய பயிற்சிகளைச் சின்னச் சின்ன அசைவுகளாக உடைத்துச் சொல்லித்தந்தவர். ரோல் அப்பை அப்படி நாலாக உடைத்தாலே நாலு வாரத்துக்குப் புதுசு கிடைத்துவிடும், உரிமையாளருக்கும் திருப்தி.

தமிழில் எடுப்பதா? தாராளமாக. மட்டமாக நினைப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த கட்டளைகளை அப்படியே தமிழாக்குவதில்தான் வம்பு. "வயிற்றை உள்ளே இழுங்க" என்றால் நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? சேலைக் கொசுவத்தைச் செருகும்போது எக்குவார்களே, அதே மாதிரி எக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேல்வயிறு குழிகிறது, அடிவயிறு பிதுங்குகிறது. சிலர் முக்குகிறார்கள். அதனால் நான் 'எக்கு' என்ற வார்த்தையையே வகுப்பில் பயன்படுத்துவதில்லை. "சூடான காபியை ஊதற மாதிரி மெதுவா ஊதுங்க" என்கிறேன். ஊதி முடிக்கும்போது அடிவயிறு தானாகவே இறுகியிருக்கும். முதுகை ஒவ்வொரு எலும்பாகக் கீழே இறக்க, மல்லிகைச் சரத்தைப் பாயில் ஒவ்வொரு பூவாகக் கிடத்தச் சொல்கிறேன். உங்கள் கொங்குப் பக்கத்தில் இதைவிட நல்லது கிடைக்கும்.

இது வெறும் அலங்காரம் இல்லை. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1998இல் பனிச்சறுக்குப் பழகும் கருவி ஒன்றில் சோதித்தார்கள். உங்கள் பாதத்தால் அழுத்துங்கள் என்று கேட்டவர்களைவிட, கருவியின் சக்கரத்தை அழுத்துங்கள் என்று கேட்டவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்புக்குள் போகாமல் வெளியே ஒரு பொருளில் இருந்தால் அசைவு எளிதாக வருகிறது. ரிஃபார்மரிலும் "தொடையை இறுக்குங்க" என்பதைவிட "கம்பியைச் சுவர்ப் பக்கம் தள்ளுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு வகுப்பை அனுமதி வாங்கிக்கொண்டு போனில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். நான் முதன்முதலில் கேட்டபோது ஒரு மணி நேரத்தில் 43 முறை 'சூப்பர்' சொல்லியிருந்தேன், அதில் பாதி யாரையும் பார்க்காமலே.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், ரிஃபார்மர் பகுதிக்குப் பிறகு மாதம் ஒருமுறை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் தனி வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நீங்களே கிளையன்டாகப் படுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தீர்களா? வருட முடிவில் அந்த நோட்டு நிரம்பியிருந்தால் முழுப் படிப்பைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அப்போதும் வளையல் வேண்டாம், தவணையில் கட்ட முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள்.

அந்த அம்மா அதற்குப் பிறகு வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வராமல் இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.