ராட்டினத்துல ஏறினா வயிறு ஏன் ஜிவ்வுங்குது? – டீச்சரிடம் கேளுங்க

(கோடை விடுமுறையில் ஊர் நூலகத்தில் குழந்தைகள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளும், முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்த ஆசிரியை சொன்ன பதில்களும்.)

நாலாம் வகுப்பு மாணவி: ராட்டினம் கீழே இறங்கறப்ப வயித்துக்குள்ள என்னமோ பறக்குதுங்க டீச்சர். பயமா இருக்கு. இறங்கினதும் மறுபடி ஏறணும்னு தோணுது. ஏன்?

பறக்கறது நிஜம்தான் கண்ணு. இருக்கை சட்டுனு கீழே போறப்ப உன் எடையைத் தாங்கற பிடிப்பு குறையுது. குடலும் இரைப்பையும் உள்ளுக்குள்ள கொஞ்சம் மிதக்குது. அதான் அந்த ஜிவ்வு.

பயம் வேற கதை. நம்ம ரெண்டு சிறுநீரகத்து மேலயும் குல்லா போட்ட மாதிரி ஒரு சுரப்பி உண்டு. ஆபத்துன்னு மூளை சொன்னா அது அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். நாய் துரத்தினாலும் அதேதான், ராட்டினம் சுத்தினாலும் அதேதான். ஆனா ராட்டினத்துல, முன்னாடி கம்பி போட்டிருக்கு, விழ மாட்டோம்னு உனக்கே தெரியும். இறங்கின பிறகு பயம் ஓடிப்போயிடும், படபடப்பு மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். அந்த மிச்சப் படபடப்புதான் சந்தோஷமா மாறிடுது. நாய்கிட்ட மாட்டினவன் மறுபடி மாட்டணும்னு ஆசைப்படறதில்ல, பாரு!

ஏழாம் வகுப்பு மாணவன்: கயிறே இல்லாம மலை ஏறுறவங்களுக்குப் பயமே வராதா?

அலெக்ஸ் ஹானால்ட்னு ஒரு அமெரிக்கர். 2017 ஜூன் 3-ஆம் தேதி, கலிஃபோர்னியாவுல எல் கேப்பிட்டன்ங்கற செங்குத்துப் பாறையில, சுமார் 3,000 அடி, கயிறு இல்லாம நாலு மணி நேரத்துக்குள்ள ஏறிட்டார். அவர் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. மத்தவங்களை உலுக்கற படங்களைக் காட்டியும், பயத்தைக் கவனிக்கற அமிக்டலா பகுதி அவருக்குச் சும்மாவே கிடந்துச்சு.

இதைக் கேட்டுட்டு, பயமில்லாதவன்தான் வீரன்னு நினைச்சுக்காதே. அதே பாறையில கயிறு கட்டிக்கிட்டு எத்தனையோ தடவை ஏறி, கை எங்க, கால் எங்கன்னு மனப்பாடம் பண்ணினவர் அவர். 2016-லயே ஒருமுறை கயிறில்லாம ஆரம்பிச்சார். மனசு சரியா ஒட்டலை, பாதியில விட்டுட்டுத் திரும்பிட்டார். அவர் ஏறினதைவிட அந்தத் திரும்பினதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆறாம் வகுப்பு மாணவி: எங்கண்ணன் தனியா போனா வண்டியை ஒழுங்கா ஓட்டறான். கூட்டாளிங்க இருந்தா ரெண்டு கையையும் விட்டுடறான்!

கெத்து! 2005-ல வெளியான ஒரு ஆய்வுல மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற விளையாட்டு வச்சுப் பார்த்தாங்க. பக்கத்துல நண்பர்கள் இருந்தப்போ பதின்வயசுக்காரங்க ரொம்பவே துணிஞ்சாங்க. பெரியவங்ககிட்ட அப்படி மாற்றம் தெரியலை. "சபாஷ்"னு கேட்கத் துடிக்கற பகுதி மூளையில சீக்கிரமே முழிச்சுக்குது. "இரு, யோசி"ங்கற நெத்திப் பக்கத்துப் பகுதி முதிர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆகும். உங்கண்ணன் கெட்டவன் இல்ல. ஆனா வண்டி கம்ப்யூட்டர்ல ஓடலையே. இன்னிக்கே அப்பாகிட்ட சொல்லு. கோள்மூட்டறதுன்னு அவன் திட்டினா திட்டட்டும்.

பேர் போடாத சீட்டு: எல்லாரும் கிணத்துல குதிக்கறாங்க. எனக்குப் பயம். கிண்டல் பண்றாங்க.

குதிக்காதே. ஒருத்தருக்குப் பிடிக்கற படபடப்பு இன்னொருத்தருக்கு வதை. ஊறுகாய்க் காரம் மாதிரிதான். மார்வின் சக்கர்மன்ங்கற உளவியலாளர் இந்த வித்தியாசத்தை அளக்கவே 1960-கள்ல கேள்வித்தாள் தயாரிச்சார். ஆசை இருந்தா முதல்ல படியில உட்கார்ந்து காலை நனை. நீச்சல் கத்துக்கோ. குதிக்கறது அப்புறம்.

ஒரு அம்மா: பையன் வேப்பமரத்துல ஏறினா எனக்கு உசுரு போகுதுங்க. தடுக்கறதா, விடறதா?

நார்வேயில எலன் சாண்ட்செட்டர்ங்கறவர் குழந்தைங்க விளையாடறதைக் கவனிச்சு, ஆபத்து கலந்த விளையாட்டுகளை ஆறு வகையாப் பிரிச்சார். உயரம் ஏறறது, வேகமாப் போறது, கத்தி மாதிரி கருவி எடுக்கறது, நெருப்பு-தண்ணி பக்கம் போறது, கட்டிப் புரள்றது, தனியா தொலைஞ்சு போய்ப் பார்க்கறது. நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரே மத்தியானத்துல நடக்கும்! எங்க தாத்தா எனக்கு முதுகுல சுரைக்குடுக்கை கட்டித்தான் கிணத்துல இறக்கினார். கையை விட்டார், கண்ணை விடலை. உயரத்தை அவனே எடை போடுவான், விடுங்க. பட்டுப்போன கிளையும் பக்கத்துல போற மின்கம்பியும் அவனுக்குத் தெரியாது. அதை நீங்க பார்த்துச் சொல்லுங்க. "விழுந்துடுவே"ன்னு கீழே நின்னு கத்தினா மட்டும் கால் நடுங்கும்.

மூணாம் வகுப்பு மாணவன்: நீங்க ராட்டினத்துல ஏறியிருக்கீங்களா டீச்சர்?

போன வருஷம் திருவிழாவுல பேத்தியோட ஏறினேன். ரெண்டாவது சுத்துலயே "நிறுத்துப்பா, நிறுத்துப்பா"ன்னு கத்தினேன். ராட்டினக்காரத் தம்பி சிரிச்சுக்கிட்டே இன்னும் வேகமா விட்டான். இறங்கினதும் பேத்தி வாந்தி எடுத்தா. நான் இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.