ஏர் ரைஃபிளில் ஸ்கோப்பை ஜீரோ செய்வது, அதாவது குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது எப்படி? கிளிக் திருப்பியும் குண்டு ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை?

உங்களுடையது குழலை மடக்கி லோட் செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள், 4.5 மி.மீ. என்று சொல்லியிருக்கிறீர்கள். 10 மீட்டரில் நாலு கிளிக் திருப்பினால் ஒன்றும் நகரவில்லை, நாற்பது திருப்பினால் குண்டு எங்கேயோ போகிறது, ஸ்கோப் கெட்டுவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

கெட்டிருக்கலாம். ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசையில் ஸ்கோப்பைக் கடைசியில் வையுங்கள். அந்த நாலு கிளிக்கின் கணக்கை முதலில் பார்ப்போம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்). 100 மீட்டரில் அது 7 மி.மீ. சொச்சம் நகர்த்தும். 10 மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முக்கால் மி.மீ.கூட இல்லை. நாலு கிளிக் சேர்ந்தாலும் 3 மி.மீ.க்குள்தான். பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிள் குண்டின், குறுக்களவே 4.5 மி.மீ. இருக்கும்போது அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. நாற்பது கிளிக் என்றால் கிட்டத்தட்ட 3 செ.மீ., அது தெரிய வேண்டும். ஆனால் எங்கிருந்து 3 செ.மீ.? ஐந்து குண்டும் ஐந்து இடத்தில் கிடந்தால் எந்த ஓட்டையிலிருந்து அளப்பீர்கள்?

அதனால், ஐந்து குண்டும் ஒரு கொத்தாகச் சேரும் வரை டர்ரெட்டை, அதாவது ஸ்கோப்பில் கிளிக் திருப்பும் குமிழை, தொடாதீர்கள். மீதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் முதல் ஸ்பிரிங் ரைஃபிளில் இரண்டு சாயங்காலம் முழுக்க, ஒரு டின் பெல்லட் காலியாகும் அளவுக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருப்பு என்று சுட்டேன். இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் திருப்புவேன், அடுத்தது மேலே போகும். சுடுதளத்தில் ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரைஃபிளைக் கேட்டு வாங்கினார். ஸ்கோப் பக்கம் அவர் போகவே இல்லை. குழலைத் தாங்கும் கட்டையின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் இருக்கும் திருகுகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். ஒன்று அரைச் சுற்றும் மற்றொன்று முக்கால் சுற்றும் இறுகின. அப்புறம் என் இடது கையைப் பிரித்து, விரித்த உள்ளங்கையில் ரைஃபிளை வைத்தார். "நெரிக்காதீங்க தம்பி, அது போற போக்குல போகட்டும்" என்றார். அதே ஸ்கோப், அதே பெல்லட், அடுத்த ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. குறியின் நடுவிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் விழுந்தன. ஆனால் ஒன்றாக விழுந்தன. முதல்முறையாக அளக்க ஏதோ ஒன்று கிடைத்தது.

அவர் சொன்னதன் காரணம் ஸ்பிரிங் ரைஃபிளின் உள்ளே இருக்கிறது. டிரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் இழுபடுகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது. அதை உங்களால் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விடுவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் இன்று ஓர் அழுத்தம், நாளை ஓர் அழுத்தம். கட்டையை மேசையின் விளிம்பிலோ கெட்டியான மூட்டையிலோ நேராக வைத்துச் சுட்டால் அது துள்ளும், குரூப், அதாவது குண்டுகள் விழும் கொத்து, வேறெங்காவது போகும். மூட்டையின் மேல் கை, கையின் மேல் ரைஃபிள், உள்ளங்கை தினமும் கட்டையின் ஒரே இடத்தில். தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி ரைஃபிளுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அந்த வகைக்கு எழுதப்பட்ட அறிவுரையை ஸ்பிரிங் ரைஃபிளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதே இருபக்க உதைதான், ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்டையும் நகர்த்துகிறது. சுடச்சுட ஸ்கோப், மவுண்ட் பற்றிக்கொள்ளும் ரெயிலில் (ரைஃபிளின் மேலுள்ள பள்ளத்தில்) பின்னால் ஊர்ந்து வரும். மவுண்டின் பின்விளிம்பில் ரெயிலின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். இருபது குண்டு சுட்டபின் கோட்டைத் தேடுங்கள். மவுண்ட் அதன் மேல் ஏறியிருந்தால் உங்கள் பிரச்சினை அங்கே இருக்கிறது. நிறுத்தும் ஊசி உள்ள மவுண்டை வாங்கி, அந்த ஊசியை ரெயிலில் இருக்கும் குழியில் இறக்குங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு தனி ரிங்குகளைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட் ஸ்பிரிங் ரைஃபிளில் நன்றாக நிற்கிறது என்பது என் அனுபவம். ரிங் திருகுகளை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குறுக்காக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலம் முழுக்கக் காட்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

இறுக்குவதற்கு முன் இரண்டு விஷயம். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னம் கட்டையில் படிந்தபின் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரியும் இடத்தில் ஸ்கோப் இருக்க வேண்டும். அடுத்து, ஒரு நூலில் கனமான எதையாவது கட்டித் தூரத்தில் தொங்கவிட்டு, ரைஃபிளைச் சாய்க்காமல் பிடித்து, ஸ்கோப்பின் நெடுக்குக்கோடு நூலோடு ஒட்டிப் படியும்படி திருப்பி வையுங்கள். கோடு சாய்ந்திருந்தால் ஒரு தூரத்தில் சரியாக விழும் குண்டு அடுத்த தூரத்தில் பக்கவாட்டில் ஓடும்.

பெல்லட் பற்றி ஒரே வார்த்தை: மூன்று நான்கு வகை வாங்கி, எது உங்கள் குழலில் சேர்ந்து விழுகிறது என்று பார்த்துவிட்டு அதில் நில்லுங்கள். வகை மாறினால் ஜீரோவும் மாறும்.

சரி, குரூப் சேர்ந்துவிட்டது. இனி டர்ரெட். 10 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, தனி ஓட்டையைப் பார்க்காமல் கொத்தின் நடுவை மதிப்பிடுங்கள். குறியிலிருந்து அது எத்தனை மி.மீ. கீழே, எத்தனை மி.மீ. பக்கத்தில் என்று அளவுகோல் வைத்தே அளங்கள். 20 மி.மீ. இடப்பக்கம் என்றால் 10 மீட்டரில் 27 கிளிக் வலப்பக்கம். டர்ரெட்டில் இருக்கும் அம்புக்குறி குண்டு நகரும் திசையைச் சொல்கிறது, குறுக்குக்கோடு நகரும் திசையை அல்ல. பலரும் தடுமாறுவது இங்கேதான். திருப்பியபின் இரண்டு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், உள்ளே இருப்பது தன் இடத்தில் உட்காரட்டும். அதன்பின் மறுபடி ஐந்து.

10 மீட்டரில் ஓரளவு சரியானதும் நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்துக்குப் போங்கள். ஸ்கோப் குழலுக்கு 4, 5 செ.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. பெல்லட் கீழிருந்து ஏறி வந்து பார்வைக்கோட்டை ஒருமுறை வெட்டி, மேலே போய், இறங்கும்போது மறுபடி வெட்டுகிறது. என் ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு 240 மீட்டர் வாக்கில். 30 மீட்டரில் ஜீரோ வைத்தால் 15 மீட்டர் பக்கத்திலும் குறியில் விழுகிறது, நடுவே அரை செ.மீ. உயரம்கூட ஏறுவதில்லை. 10 மீட்டரில் ஒரு செ.மீ. கீழே. 40 மீட்டரில் 3 செ.மீ.க்கு மேல் கீழே. அதாவது 10 மீட்டரில் குண்டு கீழே விழுவது பிழை அல்ல, 30 மீட்டர் ஜீரோவுக்கு அதுதான் சரியான இடம். உங்கள் ரைஃபிளின் எண்கள் வேறாக இருக்கும். ஐந்து ஐந்து மீட்டராகச் சுட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மடக்கும் குழல் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகையில் சில ரைஃபிள்களின் குழல் ஸ்கோப்பைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கியே இருக்கும். மேலே, மேலே என்று திருப்பித் திருப்பி டர்ரெட் முடியும் இடத்துக்கே போய்விட்டால், உள்ளே குறுக்குக்கோட்டைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் இல்லாமல் போகும். அப்போது கோடு ஒவ்வொரு உதைக்கும் அலையும், குரூப் சிதறும். டர்ரெட் கிட்டத்தட்ட நடுவில் நிற்க வேண்டும். பின்பக்க ரிங்கை உயர்த்தித் தரும் மவுண்ட் இதற்கென்றே வருகிறது.

பேரலாக்ஸையும், அதாவது கண் நகரும்போது கோடு குறியின் மேல் நகர்வதுபோல் தெரிவதையும், பாருங்கள். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்பில் அது வராதபடி பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து வைத்திருப்பார்கள். 10 மீட்டரில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே கோடு குறியின் மேல் ஊர்ந்து போகும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ தூர வளையம் இருந்து, அது 10 மீட்டர் வரை இறங்கினால் நல்லது. இல்லாவிட்டால் கன்னம் படும் இடத்தை மாற்றாதீர்கள்.

குறிக்குப் பின்னால் பெல்லட்டை நிறுத்தும் தடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம். கெட்டியான பரப்பில் பட்ட பெல்லட் 10 மீட்டரிலிருந்து உங்களிடமே திரும்பி வரும். பெல்லட் போடும்போது ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டனுக்குக் கேடு. ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள்.

இத்தனையும் பார்த்தபிறகும் ஸ்கோப்பின் மேல்தான் சந்தேகம் என்றால், அதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. பெரிய தாளில் ஒரே புள்ளியைக் குறிபார்த்து மூன்று குண்டு. நாற்பது கிளிக் வலம், அதே புள்ளியைக் குறிபார்த்து மூன்று. நாற்பது மேலே, மூன்று. நாற்பது இடம், மூன்று. நாற்பது கீழே, மூன்று. 10 மீட்டரில் பக்கத்துக்கு 3 செ.மீ. அளவில் ஒரு சதுரம் விழ வேண்டும், கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் மூடினால் ஸ்கோப் நன்றாக இருக்கிறது, திரும்பவும் திருகுகளையும் நீங்கள் பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். மூடாவிட்டால் அந்த ஸ்கோப் போய்விட்டது. அடுத்ததை வாங்கும்போது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பதை எடுங்கள். பெரிய துப்பாக்கியின் உதையைப் பல வருடம் தாங்கிய ஸ்கோப்கூட, அந்த முன்னோக்கிய இழுப்பில் கெட்டுப்போவது உண்டு.