கூட்டம் வேறு, மரபணு வேறு

கோவையில் முப்பது ஆண்டு மனநல மருத்துவம் பார்த்தவள் நான். இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், "மனநோய் பரம்பரையாக வருமா?" என்பதுதான்.

பொள்ளாச்சி மாணவர்: அப்பாவுக்கு மனச்சிதைவு நோய். எனக்கும் வருமா, டாக்டர்?

இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவது என்று வரும் இது, பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிற நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம். மீதி ஒன்பது பேரை எண்ணிப் பாருங்கள், தம்பி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். கஞ்சாப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதில் உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

ஈரோடு ஜவுளி வியாபாரி: என் மகனுக்கு இந்த நோய் வருமா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாதா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை.

பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். 1987-இல், அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தின் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழை) இருப்பதாக அறிவித்தார்கள். அதே குடும்பங்களில் இன்னும் சிலரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, 1989-இல் அது உதிர்ந்துபோனது. ஒற்றை மரபணுவைத் தேடிய காலம் அது. 2022-இல் சுமார் 76,000 மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்து, மரபணுத் தொகுதியில் தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் நோயை நோக்கித் தள்ளுவது துளியளவு. ஆராயப்பட்டவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய, கிழக்கு ஆசிய வம்சாவளியினர். அதை வைத்து உங்கள் மகனுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: 22-ஆம் குரோமோசோமில் குறிப்பிட்ட ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அதைப் பரிசோதனையில் பார்க்கலாம்.

கோபி விவசாயி: அண்ணனுக்கு மனச்சிதைவு. அப்பா மாமன் மகளைக் கட்டியதாலா? ஒரே குலத்துக்குள் கட்டக்கூடாது என்று கூட்டம் (குலப் பிரிவு) பார்த்துத்தான் செய்தார்கள்.

கூட்டம் அப்பா வழியை மட்டும் காட்டும். மரபணு அம்மா வழியிலும் வரும். மாமன் மகள் வேறு கூட்டம்தான், ஆனால் தாத்தா பாட்டி ஒருவரே. ஒற்றை மரபணுக் கோளாறுகளில் சொந்தத்தில் கட்டுவதன் விளைவு தெளிவாகத் தெரியும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கலந்த இந்த நோய்க்கு அப்பாவின் கல்யாணத்தைக் குற்றவாளி ஆக்க முடியாது.

காங்கேயம் வாசகர்: தாத்தாவுக்கு மனச்சிதைவு, தங்கைக்கு இருமுனை நோய். வேறுவேறு நோய்களா?

பெயர் வேறு, வேர் ஓரளவு ஒன்று. சுவீடனில் 20 லட்சம் குடும்பங்களின் பதிவேடுகளைப் பார்த்து 2009-இல் இதை உறுதிசெய்தார்கள்.

திருப்பூர் அம்மா ஒருவர்: மகளுக்கு வரன் பார்க்கிறோம். மைத்துனருக்கு இருந்த நோயைச் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள், அம்மணி. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பது இருக்கட்டும், டாக்டரிடமே மறைக்கிறார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் பேத்தியை அழைத்துவந்தார். மனச்சோர்வு என்று நினைத்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்ச வரைபடம் போட்டேன். எல்லோர் பெயரையும் சொன்னவர் தன் அக்காவை விட்டுவிட்டார். அவர் வெளியே போனதும் அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "கிணற்றில் தவறி விழுந்த அக்கா ஒருவர் இருந்தாருங்க. அதற்கு முந்தின வருடம் பத்து நாள் தூங்காமல் பாடிக்கொண்டே இருந்தார், ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தார்." இன்னொரு வட்டம் வரைந்து, இருமுனை நோய் இருந்தவர் என்பதற்கு அடையாளமாகப் பேனாவால் நிரப்பினேன். பேத்திக்கு எழுதியிருந்த மருந்துச்சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.