கைக்காசுக்குப் போவதா, அப்பிரன்டிஸாகப் பதிவதா?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 27. சுன்னாகத்தில் வீட்டு வயரிங் செய்தவர், என்விகியூ என்கிற இலங்கைத் தொழில் தகுதியில் நாலாம் தரச் சான்றிதழ் கையில் இருக்கிறது. கனடாவில் பிஆர், அதாவது நிரந்தர வதிவிடம், கிடைத்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து, இப்போது மார்க்கத்தில் ஒரு வேர்ஹவுஸில் இரவு வேலை. மாமாவின் நண்பர் ட்ரைவோல், அதாவது உள்சுவருக்கு ஜிப்சம் பலகை அடிக்கிற, வேலைக்குக் கூப்பிடுகிறார், நாளுக்கு 160 டொலர், கையில் காசு. இன்னொரு பக்கம் ஒரு தனியார் கொலிஜ்காரர் டிப்ளோமா செய்யச் சொல்லி போனுக்கு மேல் போன் அடிக்கிறார். எந்தத் தொழிலைப் பிடிப்பது, எங்கே தொடங்குவது?

தொழிலைப் பிறகு பார்ப்போம். முதலில் பதிவைப் பற்றிக் கதைக்க வேண்டும். எங்கட ஆக்கள் கனபேர் சறுக்குகிற இடம் அதுதான்.

ஒன்ராறியோவில் கட்டடத் தொழில்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீசியன், பிளம்பர், ஷீட் மெட்டல், ஏசி-குளிர்பதனம் போன்றவை லைசன்ஸ் கட்டாயமானவை. பதிவு செய்த அப்பிரன்டிஸாகவோ (வேலையில் நின்று தொழில் பழகுபவர்) லைசன்ஸ்காரராகவோ இல்லாமல் அந்த வேலையில் கை வைப்பதே சட்டப்படி பிழை. தச்சு, செங்கல் கட்டு, ட்ரைவோல், டைல் எல்லாம் மற்ற வகை. அவற்றுக்கும் சான்றிதழ் உண்டு, ஆனால் இல்லாமலும் வேலை செய்யலாம். அதனால்தான் மாமாவின் நண்பரால் உங்களை நாளைக் காலையே வரச் சொல்ல முடிகிறது. யாரும் நுழையலாம் என்ற இடத்தில் சம்பளத்தை அமுக்குவதும் சுலபம் என்பதை அவர் சொல்லமாட்டார்.

எலக்ட்ரீசியனுக்கு, அதாவது 309ஏ என்று சொல்கிற லைசன்ஸுக்கு, மொத்தம் 9000 மணித்தியாலம். பிளம்பருக்கும் 9000. தச்சருக்கு 7200. வேலை ஒழுங்காக ஓடினால் எலக்ட்ரீசியனுக்கு ஐந்து வருடம் என்று வையுங்கள். இடையில் மூன்று தடவை சில கிழமைகள் கொலிஜில் வகுப்பு. கடைசியில் பரீட்சை, 70 வீதம் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழில் ரெட் சீல் முத்திரையும் விழும், அதைக் கொண்டு அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மற்ற மாகாணங்களுக்குப் போனாலும் செல்லும்.

இந்த மணித்தியாலம் எண்ணத் தொடங்குவது பதிவுக்குப் பிறகுதான். உங்களை வேலைக்கு எடுக்கிற கொம்பனி ஸ்பொன்சராக நின்று, ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அமைப்பில் உங்களை அப்பிரன்டிஸாகப் பதிய வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து இதைப் பார்ப்பது அந்த அமைப்புத்தான். பதிந்ததும் ஒரு லொக் புத்தகம் வரும். மின் பனல் கட்டுவது, கொண்டுயிற் (வயர் போகிற குழாய்) வளைப்பது, தீ எச்சரிக்கை வயரிங் என்று ஒவ்வொரு வேலையும் அதில் தனித்தனியாக இருக்கும். ஒன்றைச் செய்யப் பழகியதும் உங்களோடு நிற்கிற லைசன்ஸ்காரர் அந்த இடத்தில் கையெழுத்து வைப்பார். கையெழுத்தை நாலு வருடம் கழித்து மொத்தமாக வாங்கலாம் என்று விடாதீர்கள். அந்த மனிதர் அதற்குள் வேறு கொம்பனிக்குப் போயிருப்பார். மாதத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தை நீட்டிவிடுங்கள்.

இப்போது அந்த 160 டொலருக்கு வருவோம். வரி பிடிக்கமாட்டார், அன்றன்றைக்குக் கை நிறையும், முதலாளி தமிழில் கதைப்பார். எல்லாம் நல்லதுதான். ஆனால் மூன்று வருடம் உழைத்த பிறகும் நீங்கள் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. கனடா பென்சனில் ஒன்றும் சேராது, வேலை போனால் ஈஐ (வேலையில்லாக் காலக் காப்புறுதி) இல்லை, வீடு வாங்க வங்கிக்குப் போனால் காட்ட வருமானம் இல்லை. 5/8 இஞ்சி ட்ரைவோல் பலகை எட்டடி நீளத்தில் ஏறக்குறைய 70 இறாத்தல். அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் தலைக்கு மேல் தூக்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏணியிலிருந்து விழுந்தால் டபிள்யூஎஸ்ஐபி என்கிற வேலைக் காயக் காப்புறுதிச் சபையின் இழப்பீட்டுக்குச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று சாட்சி சொல்ல யார் வருவார்? கூப்பிட்டவரே போனை எடுக்கமாட்டார்.

ட்ரைவோல் தாழ்ந்த தொழில் என்று நான் சொல்லவில்லை. பூச்சுக் கை உள்ளவன் சுவரில் இணைப்புத் தெரியாமல் கலவை பூசுவதைப் பார்த்தால் மரியாதை தானாக வரும். அதைப் பழகுவதென்றால் சம்பளச் சிட்டையோடு பழகுங்கள். ரொறன்ரோவில் இந்தத் தொழில்களை இத்தாலியரும் போர்த்துக்கேயரும் யூனியன் கட்டித்தான் தூக்கி நிறுத்தினார்கள், பேஸ்மென்ற் வேலைக் கைக்காசில் அல்ல.

சரி, எந்தத் தொழில்? சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். லைசன்ஸ் எடுத்த பிறகு இவற்றுக்குள் பெரிய இடைவெளி இல்லை. நான் பார்ப்பது வேறு ஒன்று. புதுக் கட்டடம் எழும்பாத வருடத்திலும் அந்தத் தொழிலுக்குச் சோறு இருக்குமா? 2024, 2025 இல் ரொறன்ரோவில் புதுக் காண்டோ (அடுக்குமாடி வீடு) விற்பனை படுத்துவிட்டது. விற்காவிட்டால் அடுத்த கட்டடம் தொடங்காது. போர்ம் வேலை (கொங்கிறீட்டுக்கு அச்சு அடிப்பது), கொங்கிறீட், ட்ரைவோல் ஆக்களுக்கு அதுதான் முதல் அடி. ஆனால் ஜனவரியில் வெப்பமூட்டி நின்றால், குழாய் வெடித்தால், மின் பனல் எரிந்தால் வீட்டுக்காரர் சந்தை நிலவரம் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார். பழுது பார்க்கிற பக்கம் உள்ள தொழில்கள் மூன்று: மின், குழாய், சூடு-குளிர். எரிவாயு அடுப்பும் வெப்பமூட்டியும் தொடுவதற்கு டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் தனி லைசன்ஸ் வேண்டும், ஜி3 இல் தொடங்கி ஜி2 க்கு ஏறலாம். அது ஒரு நல்ல குறுக்கு வழி, கனபேருக்குத் தெரியாது.

பிளம்பர் என்றதும் முகம் சுளிக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மகன் கக்கூஸ் குழாய் பூட்டுகிறான் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அதே ஆக்கள் பேஸ்மென்ற் வெள்ளத்தில் நிற்கும்போது பிளம்பரை ஐயா என்று கூப்பிடுவார்கள். இந்தக் கதையைக் காதில் போடாதீர்கள்.

உங்களுக்கு மின் வேலை தெரியும், அதிலேயே நில்லுங்கள். நிறக்குருடு இல்லை என்பதை மட்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் சுன்னாகத்துக் கையை அப்படியே இங்கே கொண்டுவர ஏலாது. ஊரில் பழைய வீடுகளில் சிவப்பு லைவ் (கரண்ட் வருகிற வயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்புகிற வயர்). இங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ வெறும் செம்போ எர்த். சிவப்பு வந்தால் அதுவும் லைவ். இவ்வளவு காலம் கறுப்பை ஆபத்தில்லாததாகப் பார்த்த கண் களைப்பான நேரத்தில் பழைய பழக்கத்துக்குப் போகும். அதோடு இன்னொன்று: இங்குள்ள பழைய வீடுகளில் சுவிட்சுக்கு இறங்குகிற வெள்ளை வயரிலும் கரண்ட் நிற்கலாம், ஏனென்றால் லைற்றிலிருந்து சுவிட்சுக்கு ஒரே கேபிளை இறக்கி, வெள்ளையையே லைவாகப் பாவித்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வையுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். வோல்ற்றேஜும் வேறு, ஊரில் 230, இங்கே வீட்டுக்கு 120ம் 240ம் ஒரே பனலிலிருந்து வரும்.

சின்ன விசயம் ஒன்று, ஆனால் முதல் நாளே உங்களைக் காட்டிக்கொடுக்கும். இங்கே ஸ்க்ரூவின் தலையில் சதுரக் குழி இருக்கும். ரொபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909 இல் பேட்டன்ற் எடுத்தது. அதைத் திருகும் ஸ்க்ரூட்ரைவர் பிடிகளுக்கு நிறம் உண்டு: பச்சை சின்னது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு பெரியது. மேலே ஏணியில் நிற்பவர் "சிவப்பைத் தா" என்றால் அவர் கேட்பது வயரை அல்ல.

உங்கள் என்விகியூவை என்ன செய்வது? அதற்கு ட்ரேட் இக்குவலன்சி அசெஸ்மென்ற் என்று ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் போதிய மணித்தியாலம் செய்தவர் என்று நிரூபித்தால் அப்பிரன்டிஸ் காலம் இல்லாமலே பரீட்சைக்கு இருக்கலாம். சான்றிதழ் மட்டும் போதாது, வேலை செய்த இடங்களிலிருந்து என்ன வேலை, எவ்வளவு காலம் என்று விபரமான கடிதம் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பும் வேண்டும். முதலாளியிடம் இப்போதே கடிதம் கேட்டு வையுங்கள், இன்னும் பத்து வருடம் கழித்து அவரைத் தேட ஏலாது. ஆனாலும் என் அபிப்பிராயம், நேரே பரீட்சைக்குப் பாயவேண்டாம். கேள்விகளுக்குக் கனடா மின் விதிப் புத்தகம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தோடு இரண்டு வருடமாவது வாழாதவருக்கு அது கடினம். அப்பிரன்டிஸாகச் சேருங்கள், பழைய அனுபவத்துக்கு மணித்தியாலம் கழித்துத் தருவார்களா என்று பதியும்போது கேளுங்கள்.

தனியார் கொலிஜ்காரருக்கு இப்படிச் சொல்லுங்கள்: டிப்ளோமா முடித்தாலும் ஸ்பொன்சர் தேடவேண்டியது நான்தானே, பிறகு ஏன் உங்களுக்கு இவ்வளவு காசு? மாகாண அரசின் காசில் நடக்கிற அப்பிரன்டிசுக்கு முந்திய பயிற்சிகள் இருக்கின்றன, அவை இலவசம், கடைசியில் ஒரு கொம்பனியில் சில கிழமை வேலையும் பழக விடுவார்கள். அந்தக் கொம்பனியே பிறகு எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஸ்பொன்சர் தேடுவதுதான் உண்மையில் கடினமான பகுதி. ஒரு லைசன்ஸ்காரருக்கு இத்தனை அப்பிரன்டிஸ் என்று வரம்பு இருப்பதால் சின்னக் கொம்பனிகள் கவனமாகத்தான் எடுக்கும். இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்தால் பதில் வராது. காலை ஆறரைக்கு மின் சாமான் மொத்த விற்பனைக் கடையின் கவுண்டரில் போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கொன்ராக்டர்கள். பெயர், போன் நம்பர், கார் இருக்கிறது, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி முடித்திருக்கிறேன் என்று எழுதிய ஒரு பக்கக் காகிதத்தைக் கொடுங்கள். அந்த உயரப் பயிற்சி கட்டட வேலைக்குச் சட்டப்படி தேவை, மூன்று வருடத்துக்குச் செல்லும். வரமுதலே நீங்களாக எடுத்திருந்தால் முதலாளிக்கு ஒரு செலவு குறைவு. கார் விசயமும் விளையாட்டில்லை. சைட் ஏழு மணிக்குத் தொடங்கும், வோனிலோ ஓக்வில்லிலோ இருக்கும், பஸ் பிடித்துப் போய்ச் சேர ஏலாது.

யூனியன் பக்கம் மின் தொழிலாளர் யூனியனான ஐபிஇடபிள்யூவின் ரொறன்ரோக் கிளை, லோக்கல் 353. வாசல் ஒடுக்கம். பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கு, தேர்வு, நேர்முகம் எல்லாம் பார்ப்பார்கள். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் தேடிக்கொண்டே இருங்கள். எங்கே சேர்ந்தாலும் முதல் வருடச் சம்பளம் லைசன்ஸ்காரர் எடுப்பதில் பாதிகூட வராது, மணித்தியாலம் ஏற ஏறச் சம்பளமும் ஏறும். வகுப்புக்குப் போகிற கிழமைகளில் ஈஐ எடுக்கலாம், வழக்கமான வருமானத்தில் 55 வீதம் உச்ச வரம்புக்கு உட்பட்டு. மத்திய அரசின் அப்பிரன்டிஸ் கடன் ஒரு வகுப்புக்கு 4000 டொலர் வரை, வட்டியில்லை. இந்த ஒரு வருட இறுக்கத்தைத் தாங்கத்தான் வேர்ஹவுஸ் வேலையில் இப்போது கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறேன். இரவு வேலை உங்களுக்கு வசதிதான், காலையில் கவுண்டருக்குப் போகலாம்.

சாமான்களுக்கு இப்போதே செலவழிக்க வேண்டாம். பச்சை முக்கோணம் போட்ட சிஎஸ்ஏ (கனடாத் தரச்சான்று) பாதுகாப்புச் சப்பாத்து, குளிருக்கு ஒரு அளவு பெரிதாக, தடித்த காலுறை போடுகிற மாதிரி. ஒரு நல்ல குறடு, ரொபர்ட்சன் மூன்று, டெஸ்டர், அளவு நாடா. மற்றதெல்லாம் வேலையில் நின்று பார்த்து வாங்கலாம். ஜனவரியில் மைனஸ் இருபதில், யன்னல் பூட்டாத எட்டாம் மாடியில் நிற்கும்போது சப்பாத்தில் மிச்சம் பிடித்த காசு ஞாபகத்துக்கு வரும்.

மாமாவின் நண்பரோடு முறிக்கவும் தேவையில்லை. அவருடைய சைட்டுகளில் வயரிங் செய்கிறவர் யார் என்று கேளுங்கள். லைசன்ஸ் உள்ள கொன்ராக்டராக இருந்தால் அவருக்கு ஈசிஆர்ஏ நம்பர், அதாவது மின் கொன்ராக்டர் லைசன்ஸ் நம்பர், இருக்கும், வான் பக்கத்திலேயே எழுதியிருப்பார். அந்த நம்பரோடு அவரை அறிமுகப்படுத்தி வைத்தால் போதும் என்று சொல்லுங்கள்.