பெரிஸ்கோப்பில் இலக்குப் பிடித்தல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘சைலன்ட் ஹன்டர் 3’ நீர்மூழ்கி விளையாட்டில், தன்னியக்கமாக இலக்குப் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கையால் கணித்து விளையாட முயல்கிறேன். தூரம், கோணம், வேகம் ஆகிய மூன்றையும் அளந்து கொடுத்த பின்னரும் டொர்பிடோ பெரும்பாலும் கப்பலின் பின்புறமாகவே கடந்து செல்கிறது. தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

பதில்: டொர்பிடோ எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுவது ஒரு வகையில் நல்லதுதான். கை தடுமாறி வரும் பிழை இரு பக்கமும் சிதறும். ஒரே பக்கம் சாயும் பிழைக்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான் இருக்கும். பின்புறமாகக் கடக்கிறதென்றால், கப்பல் நீங்கள் கணித்ததைவிட வேகமாகச் செல்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். தூரத்தைப் பல தடவை அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேகத்தை அப்படி அளந்ததாக எழுதவில்லை.

30 நொட் (மணிக்கு 30 கடல்மைல்) வேகத்தில் ஓடும் மின் டொர்பிடோ செக்கனுக்குச் சுமார் 15.4 மீற்றர் செல்லும். 1000 மீற்றரைக் கடக்க அதற்கு 65 செக்கன் வேண்டும். வேகத்தை ஒரு நொட் குறைவாக மதிப்பிட்டிருந்தால், அந்த 65 செக்கனில் கப்பல் நீங்கள் கணித்த இடத்தைத் தாண்டி 33 மீற்றர் போயிருக்கும். 130 மீற்றர் நீளமான சரக்குக் கப்பலின் நடுப்பகுதியைக் குறிவைத்திருந்தால், நடுவிலிருந்து இருபுறமும் 65 மீற்றர் இருப்பதால், ஒரு நொட் பிழையைத் தாங்கலாம். இரண்டு நொட் பிழைத்தால் டொர்பிடோ பின்முனையை உரசாமல் போய்விடும். அதே கப்பலை 2000 மீற்றரிலிருந்து தாக்கினால் ஒரு நொட் பிழையே போதும்.

வேகத்தை அறிய நான் பரிந்துரைப்பது நிறுத்தற் கடிகாரமும் பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோடும் மட்டுமே. ஹட்டன் புகையிரத நிலைய மேடையில் நின்று, ஒரு கம்பத்தை மட்டும் பார்த்தபடி, எஞ்சினின் முனை அதைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டி விலகும் வரை எண்ணுபவருக்கு, புகையிரதத்தின் நீளம் தெரிந்திருந்தால் வேகமும் தெரிந்துவிடும். இங்கும் அதே முறைதான்: நீர்மூழ்கியை ஏறத்தாழ நிறுத்தி, பெரிஸ்கோப்பைத் திருப்பாமல் வைத்து, கப்பலின் முன்முனை கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, பின்முனை விலகும்போது நிறுத்துங்கள். கப்பல் இனங்காணும் கையேட்டில் உள்ள நீளத்தைச் செக்கன்களால் வகுத்து 1.94 ஆல் பெருக்கினால் வேகம் நொட்டில் வரும். 130 மீற்றர் கப்பல் 32 செக்கனில் கடந்தால் அதன் வேகம் ஏறக்குறைய 8 நொட். கப்பல் சரிவாகச் சென்றால் நீளம் குறுகித் தெரியுமே என்று பலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை, கப்பலின் முன்முனையும் பின்முனையும் கடலில் ஒரே பாதையில் சென்று உங்கள் பார்வைக் கோட்டை ஒரே இடத்தில் வெட்டுவதால், எந்தச் சரிவிலும் கணக்கு மாறாது. அது நேரே உங்களை நோக்கி வரும்போது மட்டும் இம்முறை உதவாது.

தூரத்திலிருந்தே பின்தொடர்வதாயின், வரைபடத்தில் கப்பலின் நிலையைக் குறித்து, 3 நிமிடம் 15 செக்கன் கழித்து மீண்டும் குறியுங்கள். இடைப்பட்ட தூரத்தின் ஒவ்வொரு 100 மீற்றரும் ஒரு நொட். ஒரு கடல்மைல் 1852 மீற்றர் என்பதால் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

அடுத்தது கோணம். கப்பலின் முன்முனையிலிருந்து பார்த்தால் நீங்கள் எத்தனை பாகை விலகி, இடப்பக்கமா வலப்பக்கமா நிற்கிறீர்கள் என்பதே அது. கப்பல் தன் பக்கவாட்டை முழுதாகக் காட்டும் 90 பாகைக்கு அருகில், இதில் 10 பாகை பிழைத்தாலும் பெரும் தீங்கில்லை. 10 நொட் கப்பலுக்கு 30 நொட் டொர்பிடோவை முன்னே வைத்து ஏவ வேண்டிய கோணம் 19.5 பாகையிலிருந்து 19.2 ஆக மட்டுமே மாறும். ஆனால் உண்மையில் 30 பாகையாக உள்ளதை 20 என்று கொடுத்தால், முன்வைக்கும் கோணம் 9.6 இலிருந்து 6.5 பாகையாகக் குறைந்துவிடும். 1000 மீற்றரில் இது 50 மீற்றருக்கு மேற்பட்ட விலகல், அதுவும் பின்பக்கமாக. எனவே வேகம் சரியென்று உறுதியான பின்னும் டொர்பிடோ பின்னால் சென்றால், கூரிய கோணத்திலிருந்து ஏவுகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்டேடிமீற்றர் எவ்வாறு தூரத்தைச் சொல்கிறது? சாதாரண தர வகுப்பில் படிக்கும் ஏற்றக்கோணக் கணக்குத்தானா இது?
– மாணவர், தலவாக்கலை

பதில்: அதே கணக்குத்தான், தம்பி. கருவி காட்சியை இரண்டாகப் பிரித்து ஒன்றை மேலே நகர்த்தும். நகர்த்திய கப்பலின் நீர்க்கோடு, நகராத கப்பலின் பாய்மர உச்சியைத் தொடும்போது, அந்த உயரம் உங்கள் கண்ணில் தாங்கும் கோணம் கிடைத்துவிடும். உயரத்தை அக்கோணத்தின் தான் (tan) பெறுமானத்தால் வகுத்தால் தூரம். 25 மீற்றர் உயரம் 1.43 பாகையைத் தாங்கினால் கப்பல் 1000 மீற்றரில் நிற்கிறது.

அதே கப்பல் 3000 மீற்றரில் நின்றால் கோணம் 0.48 பாகைதான். அலையில் நீர்க்கோடு ஏறி இறங்குகையில் 0.1 பாகை தவறினால், 1000 மீற்றரில் அது 70 மீற்றர்ப் பிழை; 3000 மீற்றரிலோ 600 மீற்றர் அளவுக்குப் போய்விடும். கையேட்டில் தவறான கப்பலைத் தெரிவு செய்தால் உயரமே தவறு. அதன் பிறகு எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை அதே விகிதத்தில் தவறும். இரண்டு தூர அளவீடுகளின் வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணிப்பவர்கள் இரண்டு பிழைகளையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: போர்க்காலத்தில் உண்மையாகவே இப்படித்தான் கணித்தார்களா? நமது திருகோணமலையிலிருந்தும் நீர்மூழ்கிகள் சென்றதாகக் கேள்விப்பட்டேன்.
– வாசகி, பண்டாரவளை

பதில்: ஆம், ஆனால் எல்லா நாட்டவரும் ஒரே மாதிரியாகக் கணிக்கவில்லை. ‘சைலன்ட் ஹன்டர் 4’ இல் நீங்கள் காணும் அமெரிக்கக் கணிப்புப் பொறியில், இலக்கின் நிலையைத் தொடர்ந்து முன்னகர்த்திக் காட்டும் பகுதியொன்று இருந்தது; ஒருமுறை கொடுத்த தரவை அது ஓட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த பார்வையில் பொறியும் கடலும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துத் திருத்தலாம். ஜேர்மன் பொறியும், ஏவப்பட்ட டொர்பிடோ திரும்பவேண்டிய கோணத்தைக் கணித்து அதற்கே அனுப்பும் திறனுடையது.

பிரித்தானியர்களிடம் இந்த வசதி ஏறக்குறைய இல்லை. கணிக்கும் பொறி ஒன்று இருந்தாலும், டொர்பிடோ நேராகவே ஓடியதால் நீர்மூழ்கி முழுவதையும் இலக்கின் முன்னே திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. திருகோணமலையிலிருந்து சென்ற பிரித்தானிய நீர்மூழ்கி ‘டாலி ஹோ’ 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அப்பால் ஜப்பானியக் குருசர் வகைப் போர்க்கப்பல் ‘குமா’வை மூழ்கடித்தது. அப்போது சுமார் 1700 மீற்றரிலிருந்து ஏழு டொர்பிடோக்கள் ஏவப்பட்டு இரண்டே பட்டன. கணிப்பில் எஞ்சும் ஐயத்தை எண்ணிக்கையால் ஈடுசெய்வதே அக்கால வழக்கம். ஒரு கப்பலுக்கு ஒரு டொர்பிடோ என்று சிக்கனம் பார்க்கும் நம் விளையாட்டு வீரர்கள் இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: கப்பல் தொடரணி நெருங்கும்போது இவ்வளவும் அளக்க நேரமில்லை. விரைவான வழி உண்டா? கணிப்பானும் தாளும் வைத்து விளையாடுவது ஏமாற்று வேலையாகுமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஏமாற்று வேலையன்று, உண்மைக் கப்பல்களிலும் அட்டவணைகளும் வட்டக் கணிப்பான்களும் இருந்தன.

விரைவான வழி, தூரத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதுதான். டொர்பிடோ திரும்பாமல் நேரே ஓடுமாறு ஏவினால், அது எட்டும் எல்லைக்குள் இருக்கும்வரை தூரம் எவ்வளவென்று தெரியத் தேவையில்லை. தொடரணியின் பாதையை வரைபடத்தில் கண்டு, அதற்குச் செங்குத்தாக நீர்மூழ்கியைத் திருப்பி நிறுத்துங்கள். பெரிஸ்கோப்பை நேர்முன்னே, அதாவது 0 பாகையில் வைத்து, முன்னர் சொன்ன கோணத்தை 90 எனவும், வேகத்தையும் கொடுங்கள்; கப்பல் இடமிருந்து வலமாகச் சென்றால் அது தன் வலப்பக்கத்தைக் காட்டுகிறது, ஆகவே வலம் 90. இதை மாற்றிக் கொடுப்பவர்கள் மிகப் பலர். பின்னர் கணிப்புப் பொறியைத் தன்னியக்கத்துக்கு மாற்றி, டொர்பிடோவின் திருப்பக் கோணம் பூச்சியமாகும் வரை பெரிஸ்கோப்பை, கப்பல் வரும் பக்கமாகத் திருப்புங்கள். அங்கே நிறுத்தி, கப்பலின் எந்தப் பகுதி தாக்கப்பட வேண்டுமோ அது கோட்டைக் கடக்கும்போது ஏவுங்கள். தூரத்துக்கு 1000 மீற்றர் என்று எதையாவது கொடுத்தாற் போதும். ஆனால் 300 மீற்றருக்குள் நெருங்கிவிட வேண்டாம், வெடிகருவி ஆயத்தமாகியிராது.

30 நொட் டொர்பிடோவுக்கு, பெரிஸ்கோப் நிற்க வேண்டிய கோணம் 6 நொட் கப்பலுக்கு 11.3 பாகை, 8 நொட்டுக்கு 14.9, 10 நொட்டுக்கு 18.4, 12 நொட்டுக்கு 21.8. பொறி காட்டுவது இவற்றிலிருந்து வெகுவாக விலகினால், எங்கோ இடத்தையும் வலத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.